முன்வாசலில் சார், பின்வாசலில் அண்ணன்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் வீட்டுக்கு இரண்டு வாசல். எந்த வீட்டுக்குத்தான் இல்லை என்று கேட்பீர்கள். மற்ற வீடுகளில் பின்வாசல் என்பது துணி காயப்போடும் இடத்திலோ மதில் சுவரிலோ போய் முட்டிக்கொண்டு நிற்கும். இவர் வீட்டுப் பின்வாசல் நேராக இன்னொரு தெருவில் போய் இறங்கியது. முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு சின்ன வீடுகளை இவருடைய அப்பா வாங்கி, நடுச்சுவரை இடித்து ஒன்றாக்கிவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார். ரயில் பெட்டி மாதிரி நீளமான வீடு. முன்னறை, படுக்கையறை, நடையில் ஒரு சாப்பாட்டு மேஜை, சமையலறை, அதைத் தாண்டி உடைந்த நாற்காலிகளும் பழைய சூட்கேஸ்களும் கிடக்கும் அறை, அப்புறம் பின்வாசல்.

முன்வாசலைத் திறந்தால் பூங்காத் தெரு. பூங்கா எதுவும் கிடையாது. வரப்போகிறது என்று சொல்லிப் பெயரை மட்டும் முன்கூட்டி வைத்துவிட்டார்கள். பின்வாசலைத் திறந்தால் பட்டறைத் தெரு. அங்கே நிஜமாகவே பட்டறைகள் இருந்தன. காலையில் சுத்தியல் சத்தத்தோடுதான் விடியும்.

இரண்டும் முட்டுச் சந்துகள். ஒன்றுக்குள் கிழக்குச் சாலையிலிருந்து நுழைய வேண்டும், இன்னொன்றுக்குள் மேற்குச் சாலையிலிருந்து. இந்தத் தெருவிலிருந்து அந்தத் தெருவுக்குப் போக நினைத்தவர் பஸ் பிடித்து, ரயில்வே கேட்டில் தவம் கிடந்து, மேம்பாலம் ஏறி இறங்கி, மார்க்கெட் நெரிசலில் நீந்திக் கரையேற வேண்டும். அதனால் பூங்காத் தெருக்காரர்கள் பட்டறைத் தெருவைப் பற்றி ஏதோ பக்கத்து ஊரைப் பற்றிப் பேசுவது மாதிரிதான் பேசுவார்கள். "அந்தப் பக்கம் போனா பர்ஸைப் பாத்துக்கங்க" என்பார்கள். பட்டறைத் தெருவில், "அவங்கல்லாம் கேட்டைப் பூட்டிட்டுத்தான் கொட்டாவியே விடுவாங்க" என்பார்கள். நடுவில் இருந்தது ஒரே ஒரு வீட்டு வரிசை. கண்ணாடிக்காரர் சமையலறையில் நின்று தும்மினால் இரண்டு தெருவிலும் கேட்கும். இது அவர் வீட்டுக்கு மட்டும்தான் தெரியும். அவர் மறைத்து வைக்கவும் இல்லை. யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

காலையில் எழுந்ததும் பனியனோடு பின்வாசல் வழியாகப் போய் பால் வாங்குவார், குப்பை கொட்டுவார். அப்போது கண்ணாடி போட்டிருக்க மாட்டார். கண்ணாடி இல்லாவிட்டால் அவருக்கு எதிரே நிற்பது மனிதரா விளக்குக் கம்பமா என்றே தெரியாது. தெரியாததால் கூச்சமும் கிடையாது. எல்லோரிடமும் வாய் ஓயாமல் பேசுவார், கேலி பண்ணுவார், விழுந்து விழுந்து சிரிப்பார். பட்டறைத் தெருவில் அவருக்குப் பெயர் பனியன் அண்ணன்.

குளித்து, இஸ்திரி போட்ட சட்டையும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு முன்வாசல் வழியாகக் கடைக்குக் கிளம்பினால் ஆளே வேறு. எதிரில் வருகிறவரின் முகம் துல்லியமாகத் தெரியும். மூக்கு நுனி வியர்வை வரைக்கும் தெரியும். உடனே கூச்சம் பிடுங்கித் தின்னும். "குட் மார்னிங்" என்று பாதியை வெளியே விட்டுப் பாதியை முழுங்கிக்கொண்டு நடையைக் கட்டுவார். பூங்காத் தெருவில் அவர் கண்ணாடி சார். ரொம்ப கௌரவமான மனிதர், அனாவசியமாக ஒரு வார்த்தை பேச மாட்டார் என்று பேர்.

மனைவி பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். நிரந்தர நைட் டியூட்டி. சாயங்காலம் முன்வாசல் வழியாகப் போவாள், காலையில் முன்வாசல் வழியாக வந்து படுப்பாள். பகலெல்லாம் தூக்கம். பின்வாசல் பக்கம் அவள் எட்டிப் பார்த்ததே இல்லை. அதனால் பட்டறைத் தெருவில் பனியன் அண்ணனுக்குக் கல்யாணமே ஆகவில்லை என்று முடிவு கட்டியிருந்தார்கள். பக்கத்துப் பட்டறை மெக்கானிக், பாவம் மனுஷன் தானே பால் வாங்குகிறாரே என்று மனசு கேட்காமல், தன் ஒன்றுவிட்ட அக்காவை அவருக்குப் பேசலாமா என்றுகூட யோசித்துக்கொண்டிருந்தான்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் பதவி வந்து விழுந்தது.

முதலில் பூங்காத் தெருவில். ரிடையரான பேங்க் மேனேஜர் ஒருவர் தன் கார் ஷெட்டில் தெரு நலச்சங்கக் கூட்டம் போட்டார். கண்ணாடி சார் தாமதமாகப் போனார். ஒரு நாற்காலிதான் காலியாக இருந்தது. உட்கார்ந்தார். எல்லோரும் கை தட்டினார்கள். எதற்கு என்று தெரியாமல் இவரும் தட்டினார். அது தலைவர் நாற்காலி. தலைவராக யாரும் முன்வராததால் அதைக் காலியாக விட்டுவிட்டு, உட்காருகிறவர்தான் தலைவர் என்று பேசி வைத்திருந்தார்கள்.

அடுத்த வாரமே பட்டறைத் தெருக்காரர்களுக்கும் ரோஷம் வந்து ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். தெரு முனையில் கூட்டம். "யாரு தலைவரா நிக்கறீங்க? கையைத் தூக்குங்க" என்று மெக்கானிக் கத்திய நேரத்தில், பனியன் அண்ணன் குப்பைப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். மூக்கில் ஓர் ஈ உட்கார்ந்தது. கையைத் தூக்கினார்.

"அண்ணன் வாழ்க!" என்றான் மெக்கானிக். குப்பைப் பையை வாங்கிக் கீழே வைத்துவிட்டு அவரைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள்.

வேண்டாம் என்று சொல்லலாம்தான். ஆனால் அந்தச் சொல் தொண்டையிலிருந்து வாய்க்கு வந்து சேர்வதற்குள் கேட்க வேண்டியவர்கள் கலைந்துவிடுவார்கள். அது அவருடைய ஜாதக விசேஷம்.

பிறகு மழை வந்தது. பூங்காத் தெருவில் தண்ணீர் வடியாமல் முழங்கால் உயரத்துக்கு நின்றது. பட்டறைத் தெருவில் நாற்றம் பிடித்த கறுப்புத் தண்ணீர் தரைக்கடியிலிருந்து ஊறி வந்தது. சாக்கடை பூங்காத் தெருவிலிருந்து பட்டறைத் தெரு வழியாகப் பெரிய வாய்க்காலுக்குப் போக வேண்டும், அதுதான் ஏற்பாடு. "அவங்கதான் அடைச்சு வச்சிருக்காங்க" என்றார் மேனேஜர். "அவங்கதான் வேணும்னே நம்ம பக்கம் கசிய விடறாங்க" என்றான் மெக்கானிக். இரண்டு பேரும் அவரவர் தலைவரைக் கூப்பிட்டு, காட்டமாக ஒரு கடிதம் போடச் சொன்னார்கள்.

கண்ணாடி சார் நடையிலிருந்த சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதினார். 'மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கு, தங்கள் தெருவில் சாக்கடை அடைபட்டிருப்பதால் எங்கள் தெரு குளமாகிவிட்டது. பண்புள்ளவர்கள் உடனே கவனிப்பார்கள் என்று நம்புகிறோம்.' மேனேஜர் அதைக் கூரியரில் அனுப்பினார். கூரியர்காரர் ரயில்வே கேட், மேம்பாலம், மார்க்கெட் எல்லாம் சுற்றி, வியர்க்க விறுவிறுக்கப் பட்டறைத் தெருவுக்கு வந்து, பின்வாசலில் பனியனோடு நின்றவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கவரைக் கொடுத்தார். குடிக்கத் தண்ணீர் கேட்டார். கொடுத்தது அதே சமையலறைத் தண்ணீர்தான்.

மெக்கானிக் கடிதத்தைப் பிடுங்கிப் படித்தான். "பண்புள்ளவர்களாமே! அண்ணே, இதை விடக் கூடாது. நல்லா நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி எழுதுங்க."

அண்ணன் அதே மேஜையில் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, தடித்த மார்க்கர் பேனாவில் எழுதினார். 'உங்கள் வீட்டு அழுக்கு எங்கள் வாசலில் பொங்குகிறது. மூக்கைப் பொத்திக்கொண்டு பண்பைப் பற்றிப் பேச எங்களுக்கு வராது.'

மறுநாள் முன்வாசலில் அதை வாங்கிப் படித்தபோது கண்ணாடி சாருக்குச் சுருக்கென்றது. எழுதும்போது இவ்வளவு காரமாகத் தெரியவில்லை. கண்ணாடி போட்டுப் படித்தால் ஒவ்வோர் எழுத்தும் கன்னத்தில் அறைந்தது. இதற்குப் பதில் சொல்லாமல் விட்டால் மனுஷனா என்று உட்கார்ந்து பக்கம் பக்கமாக எழுதினார். அது சுற்றிக்கொண்டு பின்வாசலுக்கு வந்தது. இப்படியே போனது. கூரியர்காரர் இளைத்துப்போனார்.

ஒரு சாயங்காலம் டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மனைவி, மேஜையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தாள்.

"என்னங்க ஆச்சு? யாரு மேல கோவம்?"

"அந்தப் பட்டறைத் தெருத் தலைவன் எழுதியிருக்கிற திமிரைப் பாரு. என்னை வாயில்லாப் பூச்சிங்கறான்."

"அது நீங்கதானே?"

"நான்தான். அதுக்காக இப்படியா எழுதறது? ஒரு மட்டு மரியாதை வேண்டாம்?"

நர்ஸ் அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை. "ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு தட்டுலதான் சாப்பாடு வச்சிருக்கேன். சண்டை போடாம சாப்பிடுங்க. எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு." வாசல் வரைக்கும் போனவள் திரும்பி வந்தாள். "அப்புறம், சமையல்கட்டுத் தரைக்கு அடியில ஏதோ களக் களக்னு சத்தம் கேக்குது. பகல்ல தூங்க முடியல. எத்தனை தடவை சொல்றது?"

"ஃப்ரிட்ஜா இருக்கும்" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த கடிதத்துக்கு ஒரு கூர்மையான ஆரம்ப வரியைத் தேடினார்.

கடிதம் முற்றிப்போய், இனி நேருக்கு நேர் பேசித் தீர்த்துவிட வேண்டும் என்று இரண்டு தெருவும் கட்சி கட்டி நின்றன. மார்க்கெட் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட ஹாலைப் பேசினார்கள். இரு தரப்புக்கும் சமதூரம். ஞாயிற்றுக்கிழமை காலை, இரண்டு தலைவர்களும் நேரில் வர வேண்டும்.

சனிக்கிழமை முழுக்க அவருக்கு அதே கவலைதான். ஒரு தலைவருக்கு வயிற்றுப்போக்கு என்று சொல்லிவிடலாமா, எந்தத் தலைவருக்குச் சொல்வது என்று யோசித்தார். யாருக்குச் சொன்னாலும் அவர் தெரு தோற்றதாகிவிடும். இரண்டு பேருக்கும் வயிற்றுப்போக்கு என்றால் ஒரே ஓட்டலில் சாப்பிட்டார்களா என்று கேள்வி வரும்.

ஞாயிறு காலை நர்ஸ் வந்து அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தாள். முன்வாசலில் மேனேஜர் காரின் ஹார்ன். "இதோ வந்துட்டேன் சார்!" என்று சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினார். பாதி வழியில் பின்வாசலில் மெக்கானிக் வேனின் ஹார்ன், கூடவே "அண்ணே!" என்று ஒரு சத்தம். சட்டையைக் கழற்றிக்கொண்டே திரும்பி ஓடி, கதவிடுக்கில் பனியனைக் காட்டி, "முகம் கழுவிட்டு வந்துடறேண்டா தம்பி" என்றார். மறுபடி முன்வாசல். மறுபடி பின்வாசல். நாலாவது ஓட்டத்தில் சாப்பாட்டு மேஜையில் இடுப்பை இடித்துக்கொண்டு, கண்ணாடி ஒரு காதிலும் சட்டை ஒரு கையிலுமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

படுக்கையறைக் கதவு திறந்தது. அவிழ்ந்த தலைமுடியை முடிந்துகொண்டே நர்ஸ் வெளியே வந்தாள். ராத்திரி முழுக்க நாற்பது பேருக்கு ஊசி போட்டவளின் முகம். புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். போய் முன்வாசலை விரியத் திறந்தாள்.

"சார், உள்ள வாங்க. எல்லாரும் வாங்க."

அப்படியே விறுவிறு என்று நடந்து பின்வாசலையும் திறந்தாள். "வாங்க. நீங்களும் உள்ள வாங்க."

ஒரு பக்கமிருந்து மேனேஜரும் மூன்று வெள்ளைச் சட்டைக்காரர்களும், இன்னொரு பக்கமிருந்து மெக்கானிக்கும் கிரீஸ் கைகளோடு மூன்று பேரும் நடந்து வந்து, சாப்பாட்டு மேஜையருகே சந்தித்தார்கள். இரண்டு வாசலும் திறந்திருந்ததால் வீட்டுக்குள் நல்ல காற்று வந்தது.

"யாருப்பா நீங்க?" என்றார் மேனேஜர்.

"பட்டறைத் தெரு. நீங்க?"

"பூங்காத் தெரு. அவ்ளோ தூரத்துலேர்ந்து இங்க எப்படி வந்தீங்க?"

"நாங்க எங்க வந்தோம்? நாங்க எங்க தெருவுலதான் நிக்கிறோம். நீங்கதான் வந்திருக்கீங்க."

மேனேஜர் பின்வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்தார். மெக்கானிக் முன்வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்தான். திரும்பி வந்தபோது இரண்டு பேர் முகமும் மாறியிருந்தது. மேனேஜர் முட்டிவலிக்கு வாரா வாரம் காரில் மேம்பாலம் ஏறி இறங்கிப் போய்ப் பார்க்கும் டாக்டரின் போர்டு பின்வாசலுக்கு நேர் எதிரே தொங்கியது. மெக்கானிக்கின் பெண் இருட்டோடு எழுந்து வேனில் ஊரைச் சுற்றிக்கொண்டு போகும் பள்ளிக்கூடம் முன்வாசலுக்கு எதிர்ச் சாரியில் இருந்தது. "என் பொண்ணு வேன்லயே தூங்கி வழியுதுங்க" என்று அவன் யாரிடமோ சொல்வது மாதிரிச் சொன்னான். மேனேஜர் தன் முட்டியைத் தடவிக்கொண்டார்.

பிறகுதான் அவர்களுக்கு வந்த காரியம் நினைவுக்கு வந்தது.

"சரி, உங்க தலைவர் எங்க?" என்றார் மேனேஜர்.

"இதோ, தரையில உக்காந்திருக்காரே. உங்க தலைவர் எங்க?"

"அதே இடத்துலதான்."

எல்லோரும் கீழே பார்த்தார்கள். அவர் ஒரு பாதி சாராகவும் ஒரு பாதி அண்ணனாகவும் உட்கார்ந்திருந்தார். சிரிக்கலாமா என்று பார்த்தார். கண்ணாடி போட்ட கண்ணுக்கு எதிரே மேனேஜரின் மீசை நடுங்குவது தெரிந்தது. சிரிப்பு உள்ளேயே போய்விட்டது.

"எங்க கண்ணாடி சார் தங்கமானவர்" என்றார் மேனேஜர் கடைசியில். "உங்க ஆளுதான் அவர் வாயைக் கிளறிக் கிளறி இப்படிப் பண்ணிட்டான்."

"எங்க அண்ணன் வெள்ளந்தி. உங்க சார்தான் கல்லுளிமங்கன்" என்றான் மெக்கானிக். அப்புறம் நர்ஸைப் பார்த்தான். "ஆமா, இவங்க யாரு?"

"நான் இவரோட சம்சாரம்."

"அண்ணியா? அண்ணே, ஒரு வார்த்தை சொல்லலையே! நல்லவேளை, எங்க அக்காகிட்ட நான் இன்னும் வாயைத் திறக்கல."

அந்த நேரத்தில் சமையலறைப் பக்கமிருந்து களக் களக் என்று சத்தம் வந்தது.

"இதைத்தான் சொல்றேன். ஃப்ரிட்ஜாம்" என்றாள் நர்ஸ்.

மெக்கானிக் என்ஜின் சத்தத்தை வைத்தே வண்டியின் நோயைச் சொல்கிறவன். மண்டி போட்டுத் தரையில் காதை வைத்தான். மேனேஜரும் முட்டிவலியை மறந்து, வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு இன்னொரு மூலையில் காதை வைத்தார். சங்கத் தலைவர் வீட்டுச் சமையலறையில் இரண்டு தெருவும் குப்புறப் படுத்துக் கேட்டன.

"தண்ணி" என்றான் அவன்.

"சாக்கடைத் தண்ணி" என்றார் இவர்.

மத்தியானத்துக்குள் கடப்பாரை வந்துவிட்டது. தரையைப் பெயர்த்துப் பார்த்ததில் விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. பூங்காத் தெருப் பக்கமிருந்து ஒரு குழாய் வந்து சமையலறைக்கு நட்டநடுவே வாயைப் பிளந்துகொண்டு நின்றது. பட்டறைத் தெருப் பக்கமிருந்து இன்னொரு குழாய் வந்து, அதற்கு ஒரு முழம் தள்ளி, அதுவும் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. என்றோ இரண்டு காண்ட்ராக்டர்கள் இரண்டு பக்கமிருந்தும் தோண்டி வந்திருக்கிறார்கள். நடுவில் சந்திக்க வேண்டியவர்கள் ஒருவரையொருவர் பார்க்காமலே தாண்டிப் போய், வேலை முடிந்தது என்று மண்ணைப் போட்டு மூடிவிட்டார்கள். பூங்காத் தெரு விட்ட தண்ணீரெல்லாம் நர்ஸின் அடுப்புக்கடியில் நின்று யோசித்துவிட்டு, வழி தெரியாமல் பாதி திரும்பியும் பாதி கசிந்தும் போயிருக்கிறது.

மெக்கானிக் தன் பட்டறையிலிருந்து வளைந்த குழாய்த் துண்டு ஒன்றைக் கொண்டு வந்து இரண்டையும் இணைத்தான். மேனேஜர் டார்ச் பிடித்தார். தண்ணீர் ஒரு பெரிய ஏப்பம் விட்டுவிட்டுப் போயே போய்விட்டது. அன்றைக்கு அத்தனை பேருக்கும் நர்ஸ் கையால் டீ.

சாக்கடை ஒழுங்கானது. ஆனால் வீடு ஒழுங்காக இருக்கவில்லை. திங்கட்கிழமை காலை மெக்கானிக்கின் பெண் பையை மாட்டிக்கொண்டு பின்வாசலில் வந்து நின்று, "பெரியம்மா, இப்படியே ஸ்கூலுக்குப் போயிடட்டுமா?" என்றது. எப்படி மாட்டேன் என்று சொல்வது? மறுநாள் மேனேஜர் முட்டியோடு வந்தார். வாரக் கடைசிக்குள் ஊர்ப்பட்ட ஜனம் அந்த வீட்டைக் கடந்து போயிற்று. காய்கறிப் பைகள், சைக்கிள், ஒரு கட்டில், புதுசாக வாங்கிய ஆட்டுக்குட்டி. ஒருவர் போகிற போக்கில் குழம்பைத் திறந்து பார்த்து, உப்பு கொஞ்சம் தூக்கல் என்று சொல்லிவிட்டுப் போனார். கண்ணாடிக்காரர் எல்லோருக்கும் வழி விட்டுக்கொண்டு சுவரோரமாக நின்றார். சாராக நிற்பதா அண்ணனாக நிற்பதா என்று புரியாமல், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வைத்துக்கொண்டார்.

நர்ஸ்தான் பஞ்சாயத்தைக் கூட்டினாள். அதே மேஜை, அதே ஆட்கள்.

"பகல்ல ஒரு பொட்டுத் தூக்கம் கிடையாது. ராத்திரி மருந்து மாத்திக் கொடுத்துட்டா யாரு பதில் சொல்றது? ஒண்ணு, எல்லாரும் பழையபடி மார்க்கெட்டைச் சுத்திப் போங்க. இல்ல, இந்த ஓரமா ஒரு சுவர் எழுப்பி வழியைத் தனியாப் பிரிங்க. சாமான் ரூம்ல பாதியும் நடையில கொஞ்சமும் போகும், போகட்டும். வண்டி கூடாது, ஹார்ன் கூடாது, பேச்சு கூடாது."

கண்ணாடிக்காரர் வாயைத் திறந்தார். "நீங்க ரெண்டு பேரும் சும்மா இருங்க" என்றாள் அவரைப் பார்த்து.

சுவர் எழும்பியது. இரண்டு தெருவும் சேர்ந்து கட்டியது. ஒரு ஆள் குடை விரித்தால் இரண்டு பக்கமும் உரசும், அவ்வளவுதான் அகலம். ஒருவரே இரண்டு சங்கத்துக்குத் தலைவராக இருப்பது சட்டப்படி சரியில்லை என்று மேனேஜர் எடுத்துச் சொன்னதால் கண்ணாடிக்காரர் இரண்டிலிருந்தும் விலகினார். கொஞ்ச நாள் எழுத ஆளில்லாமல் கை அரித்தது. பிறகு, அந்தப் பட்டறைத் தெருத் தலைவன் அப்படி ஒன்றும் மோசமான ஆள் இல்லை என்று தோன்ற ஆரம்பித்தது. கடையில் வந்து கண்ணாடி போட்டுக்கொள்ளும் இரு தெருக்காரர்களிடமும் வியாபாரத்துக்கு வேண்டிய அளவு பேசக் கற்றுக்கொண்டார்.

குறுகலான வழி என்பதால் சின்னச் சத்தம்கூட எதிரொலித்தது. படுக்கையறை ஜன்னல் அந்தப் பக்கம்தான். அதனால் ஜனங்கள் பகலில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராகப் போவார்கள். மேனேஜர் நல்ல தமிழில் ஒரு பலகையும் எழுதி ஜன்னலுக்குக் கீழே மாட்டினார்: 'செவிலியர் இங்கே துயில்கிறார். அமைதி காக்கவும்.'

அங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது. வெளியூர்க்காரர்கள் யாராவது அந்த வழியாக வந்தால், செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு தலை குனிந்து போகும் கூட்டத்தைப் பார்ப்பார்கள், பலகையைப் பார்ப்பார்கள், தாங்களும் நின்று ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போவார்கள். யாரோ பூ வைத்துவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். மாலையில் எழுந்து ஜன்னலைத் திறக்கும் நர்ஸ், நல்ல பூவாக இருந்தால் எடுத்துத் தண்ணீர் ஊற்றி மேஜையில் வைத்துக்கொள்வாள்.

ஒரு நாள் அவள் டியூட்டி உடையில், கைப்பையோடு, ஏதோ ஞாபகத்தில் அந்த வழியாக வந்தபோது ஒரு வயதான தம்பதி பலகைக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்கள். அம்மாள் கண்ணைத் திறந்து, யூனிஃபாரத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினாள்.

"நீயும் நர்ஸாம்மா? இவங்க உனக்குத் தெரிஞ்சவங்களா?"

"நல்லாத் தெரியும்."

"அடடா. எப்பம்மா போனாங்க?"

"இன்னும் போகலைம்மா" என்றாள் அவள். "கொஞ்சம் வழி விட்டீங்கன்னா போயிடுவேன். பஸ் வந்துடும்."